20 வளைவும் அம்மாவின் பொருத்தனையும்

மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்ட பொருத்தனை இது. பையனுக்கு டெங்கு வந்து தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன ராத்திரி, ஆஸ்பத்திரி வராண்டாவில் முழங்கால் போட்டு அம்மா நேர்ந்துகொண்டார்: "ஆண்டவரே, பிள்ளையை எழுப்பிக் கொடும். என் மகன் ஏற்காட்டுக்கு நடந்தே வந்து ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பான்." நேர்ந்தது அவர், நடக்க வேண்டியது நான்! அஞ்சாம் நாள் பையன் இட்லி கேட்டான். நான் "அடுத்த மாசம் போலாம்மா" என்று ஆரம்பித்தேன், அந்த மாசம் வரவே இல்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. எங்கள் தெருக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஆறு ஜோடி கேட்டார். அன்றைய ரேட்டிலேயே செய்து தருகிறேன் என்று வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டேன். அட்வான்ஸும் வாங்கவில்லை, வெள்ளியும் எடுத்துப் போடவில்லை. ரேட் மளமளவென்று ஏறிவிட்டது. "எழுதியா கொடுத்தேன்? புது ரேட் சொல்லிட வேண்டியதுதான்" என்றேன், சாப்பிடும்போது. அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று 15ஆம் சங்கீதத்தைச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். விடவில்லை. "ஆண்டவருக்குச் சொன்னது என்னாச்சுடா?"

அந்த வாரமே கொலுசைப் பழைய ரேட்டுக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை இருட்டோடு அடிவாரத்தில் நின்றேன்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட போர்டு இருப்பது நடக்கிறவனுக்குத் தண்டனை. விடிந்ததும் கார்களும் பைக்குகளும் ஆரம்பித்தன. வளைவில் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறதே, அடிக்கிறார்களா? குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறவர்கள் வேறு. அவர்கள் பழக்கிவிட்ட குரங்கு ஒன்று என் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியது. 12ஆவது வளைவில் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. அப்புறம் காப்பித் தோட்டத்துக் குளிர்ச்சிதான் என்னை மேலே இழுத்தது. ஏரிக்கரையில் கால் வைத்ததும் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "ரூமா சார், காட்டேஜா சார், பகோடா பாயிண்ட்டா சார்?" நொண்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்துமா!

மறுநாள் அம்மாவும் பையனும் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். ஆலயத்தில் பெஞ்சில் சாய்ந்ததுதான் தெரியும். அம்மா முழங்கையால் இடித்து எழுப்பியபோது சபைப் போதகரான ஐயர், பைபிளில் வருகிற ஆபிராமைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிளந்து வைத்த மிருகத் துண்டங்களுக்கு நடுவே நடந்து செய்கிற உடன்படிக்கை அது, ஆண்டவரோடு. ஆனால் அன்று ஆபிராம் நடக்கவில்லை. அவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஆண்டவரின் அடையாளமாகப் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் அந்த இருட்டில் கடந்துபோயின.

தினமும் உலைக்கு முன்னால் உட்காருகிறவன் நான். அந்த நெருப்பு எனக்குக் கண்ணில் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவும் தெரிந்தது. அந்த ராத்திரி நானும் நாற்காலியில் தூங்கித்தான் போனேன். அம்மாதான் விழித்திருந்தார். அம்மாவோடு ஆண்டவரும்.

திருவிருந்துக்கு முழங்கால் போடும்போது மூட்டு கடகடவென்றது. எந்த ஆலயத்துக்குப் போனாலும் பாத்திரம் வெள்ளியா, முலாமா என்று பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. "என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை" என்றபடி ஐயர் கிட்டே வந்தார். பாத்திரம் எதில் செய்தது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அதன் விளிம்பு குளிர்ந்திருந்தது, அதுதான் ஞாபகம். எழுந்திருக்க முடியவில்லை. காலினால் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். பையன் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். அவனுக்காக வந்தவன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், வேறு வார்த்தை வரவில்லை. காணிக்கைக் கவரைப் போடக்கூட மறந்து, திரும்பிப் போய்ப் போட்டேன்.

கொலுசில் நஷ்டம் நஷ்டம்தான். அந்தப் பணம் வேறு எந்த வழியாகவும் திரும்பி வரவில்லை.

இறங்குகிற பஸ்ஸில் பையன் வளைவுகளைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு வந்தான். அம்மா கண்ணை மூடி, தம்பி வேலைக்காக மெல்ல ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"அம்மா," என்றேன், "இந்தத் தடவை பஸ்ல வர்றதா நேர்ந்துக்கம்மா."