கம்பி இல்லாத தகடு

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். 2015. பழைய செங்கல், கல் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்த்து மதிப்பெண் போடுவதுதான் எங்கள் பிரிவின் வேலை. அதே இடத்தில் இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் எவ்வளவு பலம் இருக்க வேண்டுமோ, அதில் எத்தனை சதவீதம் இந்தப் பழசுக்கு இருக்கிறது என்பதே மதிப்பெண். அப்போதைய விதிப்படி 34-க்குக் கீழே போனால் அது ஆபத்தான கட்டடம். 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருந்தது.

ஒரு இரண்டு மாடிக் கடைக்கு நான் 42 கொடுத்திருந்தேன். தெருவைப் பார்த்த கைப்பிடிச்சுவரைக் கூரையோடு சேர்த்துப் பிடிக்க இரும்புக் கம்பிகள் போட்டதாகப் பழைய வரைபடத்தில் இருந்தது. வெளிச்சுவரில் அந்தக் கம்பிகளின் வட்டத் தகடுகளும் வரிசையாகத் தெரிந்தன. வேறென்ன வேண்டும்? அறிக்கையை எழுதி மேலே அனுப்பிவிட்டேன்.

பிரிவின் மூத்த பொறியாளர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அறிக்கையைப் படித்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்னைக் கூரைக்கு அடியில் தவழவிட்டார். தூசி, எலிப்புழுக்கை, பழைய மரத்தின் வாடை. ஏழு தகடுகளில் நான்கின் பின்னால் கம்பியே இல்லை. வரிசை கெடக் கூடாது என்று எவரோ தகட்டை மட்டும் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுபடி கணக்குப் போட்டால் மதிப்பெண் இருபதைத் தாண்டவில்லை.

அவர் திட்டவில்லை. "தம்பி, நீர் கம்பியைப் பாத்தனீரோ, படத்தைப் பாத்தனீரோ?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் காரை அலுவலகத்துக்கு விடாமல் கதீட்ரல் சதுக்கத்துக்கு விட்டார்.

அதுவரை நான் அங்கே 2011 நிலநடுக்கத்தில் சிதைந்து நின்ற பேராலயத்தை ட்ராம் போகும் வழியில் ஒரு வேலியாகத்தான் பார்த்திருந்தேன். அன்றுதான் நின்று பார்த்தேன். மேற்கு முகப்பில் இருக்க வேண்டிய முக்கோணச் சுவர் இல்லை. அந்த ஓட்டை வழியாக உள்ளே வரிசையாகத் தூண்களும் மரக்கூரையும் தெரிந்தன. பாடகர் குழு நின்ற இடத்தில் புறாக்கள். நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்று கிளம்பினால் மொத்தக் கூட்டமும் கூரைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி உட்காரும். கோபுரம் நின்ற பக்கம் வெறுமை.

"சுவர் வெட்டுப்பட்ட இடத்தைப் பாரும்" என்றார். பார்த்தேன். வெளியே ஒழுங்காகச் செதுக்கிய கல், உள்ளேயும் அதேபோல் ஒரு வரிசை, இரண்டுக்கும் நடுவில் உடைகல்லும் சாந்தும் கொட்டி நிரப்பியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மலை மாதிரி இருக்கும் சுவர், ஆட்டம் கண்டால் இரண்டு மெல்லிய தோலாகப் பிரிந்துவிடும். முகப்பு முக்கோணத்துக்கு மேலே பிடிமானமும் குறைவு. பக்கவாட்டில் தள்ளினால் தாங்கும், முன்னும் பின்னும் ஆட்டினால் சாய்ந்துவிடும். எங்கள் பாடத்தில் இதை நாலு சமன்பாட்டில் படித்திருந்தேன். நேரில் அந்த உடைகல்லைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அதைக் கட்டியவர்களுக்கும் எச்சரிக்கை வராமல் இல்லை. 1864-இல் அடிக்கல், 1881-இல் பிரதிஷ்டை. 1888 நிலநடுக்கத்தில் கூர்ங்கோபுரத்தின் உச்சி விழுந்தது. கல்லிலேயே திருப்பிக் கட்டினார்கள். 1901-இல் மறுபடி விழுந்தது. அதற்குப் பிறகுதான் உச்சியை மரத்தில் செய்து செப்புத் தகடு போர்த்தினார்கள். இரண்டு தடவை விழுந்த பிறகு கல்லை விட்டார்களே என்று மெச்சுவதா, முதல் தடவையே விட்டிருக்கக் கூடாதா என்று நொந்துகொள்வதா, தெரியவில்லை. எப்படியும் அவர்கள் மாற்றியது உச்சியை மட்டும்தான்.

2011 பிப்ரவரி 22, மதியம் 12.51. நிலநடுக்கத்தில் அந்தக் கோபுரத்தின் கூர்முனையும் மேற்பகுதியும் சரிந்தன. உள்ளே இருபதுக்கும் மேற்பட்டோர் சிக்கியிருக்கலாம் என்று முதலில் பயந்தார்கள். இடிபாட்டைக் கிளறித் தேடியபோது ஒருவர்கூட இல்லை. பிறகு மேற்குச் சுவருக்கு இரும்புச் சட்டத்தால் முட்டுக்கொடுத்தார்கள். ஜூன் 13 நிலநடுக்கத்தில் அந்தச் சுவரில் இருந்த ரோஜா வடிவ வண்ணக்கண்ணாடி ஜன்னலின் பெரும்பகுதி கொட்டிவிட்டது.

பிப்ரவரி நிலநடுக்கத்தில் மொத்தம் இறந்தவர்கள் 185 பேர். அதில் 115 பேர் ஒரே இடத்தில், கேன்டர்பரி டெலிவிஷன் கட்டடத்தில். 1980-களில் கட்டிய ஆறு மாடிக் கான்கிரீட் கட்டடம். கம்பி போட்டது, கணக்குப் போட்டது, பொறியாளர் கையெழுத்து இருந்தது. நூற்றிச் சொச்சம் வயதான கம்பியில்லாக் கல் கோபுரம் விழுந்து யாரும் சாகவில்லை. எங்கள் தலைமுறைப் பாடப்புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கட்டடம் அத்தனை பேரைக் கொன்றது. பெரியவர் இதைச் சொல்லிவிட்டு ஒன்றும் விளக்கவில்லை. எனக்கு அந்த நான்கு தகடுகள் ஞாபகம் வந்தன. வயிற்றைப் பிசைந்தது.

பேராலயத்தை என்ன செய்வது என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்த காலம் அது. 2012-இல் இடிக்க முடிவெடுத்து, வழக்கு வந்து, நின்றுபோயிருந்தது. 2017-இல்தான் திருச்சபைப் பேரவை வாக்கெடுத்து மீட்டுக் கட்டலாம் என்றது. திட்டத்தின் பெரிய செலவு கண்ணில் படாத இடத்தில்: மொத்தக் கட்டடத்துக்கும் அடியில் தாங்கிகள் வைத்து, தரை ஆடினாலும் மேலே மெதுவாக மட்டும் அசையும்படி செய்வது. ரப்பரும் எஃகும் அடுக்கி நடுவே ஈயக் கட்டி வைத்த தாங்கி, 1970-களில் பில் ராபின்சன் இந்த நாட்டிலேயே கண்டுபிடித்தது. புதுக் கட்டடத்துக்கு அடியில் வைப்பது ஒரு வேலை. உடைகல் நிரப்பிய சுவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் தோண்டி வைப்பது முற்றிலும் வேறு வேலை. 2020-இல் மொத்தத் திட்டத்துக்கு 15.4 கோடி டாலர் என்றார்கள், 2024-இல் 24.8 கோடி. அந்த ஆகஸ்டில் பணமில்லாமல் வேலையை நிறுத்தினார்கள்.

என் தொழில் கணக்குப்படி அதை எப்போதோ இறக்கியிருக்க வேண்டும். அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடத்துச் சுவரைக் கட்டிப்பிடிக்கலாம் என்று மனசு பெருக்கிப் பார்க்கும். ஆனால் இடிக்கலாம் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் என்னால் முடிந்திருக்காது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்த இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பெரியவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. "மனிசர் போகாத இடமாக்கி அப்பிடியே விடட்டும், புறாவுக்கு ஆகுது" என்பார். பாதி விளையாட்டு.

அவர் ஓய்வுபெற்றுவிட்டார். டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு பேட்டரி போடும் கனமான பழைய டார்ச். வேலை நின்றுபோன சில மாதம் கழித்து, பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை அதே சதுக்கத்துக்குக் கூட்டிப்போனேன். வேலிக்கு உள்ளே இரும்புச் சட்டங்கள் சுவரைப் பிடித்தபடி நின்றன. ட்ராம் மணியடித்துக்கொண்டு போனது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதற்கு எத்தனை சதவீதம் கொடுப்பீர்கள் என்று கேட்டாள்.

வேலிக்கு வெளியே நின்று சொல்ல முடியாது என்றேன்.