நிஷிகசாயில் குடியேறியது யார்?

கோயம்புத்தூர் கிரைண்டரை டோக்கியோவுக்குக் கொண்டுவருகிறவர்கள் கூடவே ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மருக்கும் பெட்டியில் இடம் வையுங்கள். நம்மூரில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், இங்கே 100தான். அடாப்டர் போட்டு பிளக்கை மாட்டிவிடலாம், கல் சுற்றாது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த அகிஹபாராவுக்குப் போனால் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும்தான். ஆனால் ஊறப்போட்ட அரிசி அதுவரை காத்திருக்காது.

கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும் அடுத்த கவலை சத்தம். கான்கிரீட் கட்டடமே ஆனாலும் கல்லின் உறுமல் தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். இங்கே யாரும் மேலே வந்து கதவைத் தட்டிச் சண்டை போடமாட்டார்கள். குடியிருப்போர் சத்தத்தைக் கவனிக்கவும் என்று லிஃப்ட் பக்கத்தில் பொதுவாக ஒரு காகிதம் ஒட்டப்படும். யாரைச் சொல்கிறார்கள் என்று கட்டடத்துக்கே தெரிந்திருக்கும். அந்தக் காகிதம் வருவதற்கு முன்பே நான் கீழ்வீட்டுக்குப் போய்விட்டேன். குடிவந்ததும் அக்கம்பக்கத்துக்கும் மேல்வீடு கீழ்வீட்டுக்கும் ஏதாவது சின்னப் பொருளோடு போய்த் தலைகாட்டுவது இந்த ஊர் வழக்கம். பெரும்பாலும் ஒரு துண்டு, இல்லையென்றால் பிஸ்கட் டப்பா. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த மைசூர்பா கொடுத்தேன். காலை பத்து மணிக்கு மேல் மாவாட்டலாமா என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாவுக்கு மெஷினைப் பார்க்க ஆசை. மேலே வந்து, கல் சுற்றுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். மோச்சிக்கா, அதாவது இவர்கள் ஊர் அரிசிக் கொழுக்கட்டைக்கா என்று கேட்டார். மறுநாள் தடிமனான ரப்பர் பாய் ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் போட்டுக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனார். அன்பா, நாசூக்கான புகாரா? ரெண்டும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

நிஷிகசாய் இருப்பது டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எதொகாவா வார்டில். ஜப்பானில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் இடம் இந்த வார்டுதான். 2000ஆம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்ததே, அந்த ஒய்டூகே வேலைக்காக வந்த நம் பையன்களில் பலர் இங்கே தங்கினார்கள். எழுபதுகளின் கடைசியிலிருந்தே இங்கு தேயிலை வணிகம் செய்துவந்த ஜக்மோகன் சந்திரானி அவர்களுக்கு வீடு பிடிக்கவும் சாப்பாட்டுக்கும் வழி செய்து கொடுத்தார். வங்கிகளும் ஐடி கம்பெனிகளும் இருக்கிற ஓத்தெமாச்சி, நிஹொன்பாஷி பக்கமெல்லாம் தோசாய் ரயில் லைனில் கால் மணி நேரம். கால் மணி நேரம்தான் என்றாலும் அது எப்படிப்பட்ட கால் மணி நேரம் என்று காலையில் ஏறினால் தெரியும். கொரோனாவுக்கு முன் 2019இல் அந்த லைனின் நெரிசல் 199 விழுக்காடு, அதாவது பெட்டி கொள்ளும் அளவைப் போல ரெண்டு மடங்கு கூட்டம்; நாட்டிலேயே உச்சம்.

வந்த புதிதில் தனியார் வீடுதான் தேடினோம். வீட்டு ஏஜென்ட் எங்கள் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போடுவார். முதல் வாக்கியத்திலேயே, வெளிநாட்டவர், பரவாயில்லையா என்ற கேள்வி வந்துவிடும். பதில் என்ன என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மிகப் பணிவாகத் தலைகுனிந்து, மிகப் பணிவாக இல்லை என்பார். சரி என்று சொன்ன வீட்டுக்காரர்களும் ரெய்கின் கேட்டார்கள். அட்வான்ஸ் மாதிரி திரும்பி வருகிற பணம் இல்லை அது. வீடு கொடுப்பதற்காக வீட்டுக்காரருக்கு நாம் வைக்கும் தட்சிணை. அதோடு ஏஜென்ட் கமிஷன், ஜாமீன் கம்பெனிக்குக் கட்டணம். கடைசியில் எல்லா இந்தியர்களும் போய்ச் சேரும் யூஆர் குடியிருப்புக்கே நாங்களும் வந்தோம். அரசு சார்ந்த நிறுவனம். ரெய்கின் கிடையாது, ஜாமீன் கிடையாது, கமிஷன் கிடையாது. வருமானம் காட்ட வேண்டும். நிஷிகசாயில் இத்தனை இந்தியர்கள் சேர்ந்ததற்கு இட்லி அரிசி கிடைப்பது காரணம் இல்லை. வீடு கிடைத்தது, ஆட்கள் வந்தார்கள், இட்லி அரிசி பின்னாலேயே வந்தது.

பதினான்கு நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரி பதிவது, இன்சூரன்ஸ், பேங்க் கணக்கு, சிம் கார்டு எல்லாம் கணவர் கம்பெனி ஏற்பாடு செய்த ஆள் கூடவே வந்து முடித்துக் கொடுத்தார். அத்தோடு கணவரைப் பொறுத்தவரை குடியேற்றம் முடிந்தது. அவர் ஆபீஸில் ஆங்கிலம், டீமில் பாதிப்பேர் சென்னை, புனே. காலையில் போனால் இருட்டிய பிறகு வருவார். அவர் டோக்கியோவில் வேலை பார்த்தார். இந்த ஊரில் குடியிருந்தது நானும் மகளும்தான். ஊரில் கல்லூரியில் பாடம் நடத்திய நான் இங்கே விசாவில் டிபென்டென்ட். அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலைக்குப் போகலாம். யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று அந்த விசா அட்டையை அடித்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை.

ஊர் என்னை முதலில் கண்டுகொண்டது ஒரு காகித அட்டை வழியாக. குடியிருப்போர் சங்கத்தின் சுற்றறிக்கையை கிளிப் போட்ட அட்டையில் வைத்து வீடு வீடாக அனுப்புவார்கள். படித்துவிட்டு, பட்டியலில் நம் பெயருக்கு எதிரே முத்திரை குத்தி, அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை புல் பிடுங்கும் வேலை என்று ஒரு முறை வந்தது. போனேன். வெள்ளைக் கையுறையும் அரிவாள் போன்ற சின்னக் கருவியும் கொடுத்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. முடிந்ததும் ஆளுக்கொரு பாட்டில் டீ. அடுத்த வாரத்திலிருந்து லிஃப்டில் ஏறினால் என்னிடம் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். விருந்துக்குக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிற ஊர்களும் உண்டு. இது வேலை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஊர்.

குப்பையும் அப்படித்தான். எரியும் குப்பை வாரம் ரெண்டு நாள், பாட்டிலும் அட்டையும் வேறொரு நாள், எரியாதது இன்னொரு நாள். எல்லாம் காலை எட்டு மணிக்குள். இதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. கடையில் ஒரு பொடி விற்கிறது. சூடான எண்ணெயில் அதைக் கலக்கி ஆறவிட்டால் எண்ணெய் கட்டியாகிவிடும். அடை மாதிரி பெயர்த்தெடுத்து எரியும் குப்பையில் போடலாம். தீபாவளிக்கு முன்னால் ரெண்டு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மகளை எங்கே சேர்ப்பது என்பதில்தான் வீட்டில் பெரிய விவாதம். இந்தியப் பள்ளிகள் ரெண்டு, 2004லும் 2006லும் தொடங்கியவை, பக்கத்திலேயே இருக்கின்றன. திரும்பிப் போகும் எண்ணம் இருப்பவர்கள் அங்கே சேர்க்கிறார்கள். அதில் தப்பே இல்லை. எட்டாம் வகுப்பில் ஊர் திரும்பிய பிள்ளை தமிழும் இல்லாமல் இந்தியும் இல்லாமல் அல்லாடுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். நாங்கள் வார்டு பள்ளிக்கு எழுதிக் கொடுத்தோம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி இல்லை. பெற்றோர் போய்க் கேட்டால் இடம் தருவார்கள். கட்டணமும் புத்தகச் செலவும் கிடையாது. அந்த மிச்சத்தையெல்லாம் முதுகுப் பை சாப்பிட்டுவிடும். ராந்தொசெரு என்கிற அந்தப் பெட்டி மாதிரியான பையின் விலையைக் கேட்டுவிட்டு அத்தை போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆறு வருஷம் வரும் அத்தை என்றேன். "ஆறு வருஷம் வரட்டும், வளர்றது பையா புள்ளையா?" என்றார்.

ஏப்ரலில் பள்ளி திறக்கும். மார்ச்சில் பெயர் எழுதும் வேலை. செருப்பு, குடுவை, பென்சில் என்று எதை விட்டாலும் திரும்பி வரும். ஒவ்வொரு பென்சிலிலும் எழுதியாயிற்று. அப்புறம் கணக்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எண்ணிப் பழகும் குச்சிகள், வட்டச் சில்லுகள், பகடை, பொம்மைக் காசு. அத்தனையிலும் பெயர் வேண்டும். தீக்குச்சியைவிடச் சற்றே தடிமனான குச்சி அது. நம் வழக்கப்படி பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பள்ளிப் பதிவில் மகள் செந்தில்குமார் யாழினி. ஜப்பானிய எழுத்தில் செந்தில்குமாருக்கு மட்டும் ஒன்பது எழுத்து. சடோ, மோரி என்று ரெண்டு மூன்று எழுத்தில் முடித்துக்கொள்கிறவர்கள் போட்ட விதி இது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மெல்லிய ஸ்டிக்கரில் எழுதி, இடுக்கியால் எடுத்து ஒட்டினேன். ஒரு ராத்திரியில் முடியவில்லை.

பள்ளியில் எல்லோரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மகள் 'செந்திருகுமாரு-சான்' ஆனாள்; சான் என்பது பெயரோடு சேர்க்கும் மரியாதை ஒட்டு. பெற்றோர் கூட்டத்தில் நானும் செந்திருகுமாரு-சான். அந்தப் பள்ளிக்குள் ஒருநாளும் கால் வைக்காத என் வீட்டுக்காரரின் பெயர் வாட்ச்மேன் வரைக்கும் பிரபலம்.

மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறுவார்கள். பரிமாறும் வாரத்தில் வெள்ளை ஏப்ரன் போட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை அது வீட்டுக்கு வரும். துவைத்து இஸ்திரி போட்டுத் திங்கள் அனுப்பினால் அடுத்த பிள்ளை மாட்டிக்கொள்ளும். நான் அதைத் துவைப்பதோடு விடவில்லை. பெருங்காய வாசம் ஏறிவிடக் கூடாதென்று, காயும் வரைக்கும் சமையலறைக் கதவைச் சாத்தி, அந்த சனி ஞாயிறு தாளிப்பே இல்லாமல் ஓட்டினேன். பிறகு வேறொரு வீட்டிலிருந்து வந்த ஏப்ரனைப் பிரித்தபோது சோப்புத்தூள் வாசம் மூக்கைத் துளைத்தது. அதற்கப்புறம் சனிக்கிழமையும் சாம்பார் வைக்கிறேன்.

நாங்கள் சைவம். இங்கே சைவத்துக்குச் சத்துரு கறி இல்லை, தாஷி. காய்கறி சூப், ஒரு கரண்டி கீரை, எதிலும் அந்தச் சாறு இருக்கும். நம் தெற்குக் கடற்கரையில் மாசிக் கருவாடு என்பார்களே, அதே சூரை மீனைக் காயவைத்துச் சீவி எடுப்பது. பள்ளியின் உணவு ஆலோசகர் மாதா மாதம் மெனுவைத் தருவார். நான் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, அவள் எதைச் சாப்பிடலாம், எதற்குப் பதிலாக நான் கட்டிக்கொடுப்பேன் என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். சோறும் பாலும் பழமும் பெரும்பாலான நாள் தப்பித்துவிடும். மெனுவில் கறி ரைஸ், அதாவது இவர்கள் ஊர்க் குழம்புச் சோறு, என்றிருந்தால் நானும் அன்றைக்குக் குழம்பைக் கொஞ்சம் கெட்டியாக, பழுப்பாக வைத்து அனுப்புவேன். தட்டுகள் ஒரே மாதிரி தெரிந்தால் பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை.

இத்தனையும் அலுப்பு. பயம் என்பது வேறு. எதொகாவா வார்டில் நிலத்தின் பத்தில் ஏழு பங்கு, அலை ஏறும்போது கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019இல் வார்டு நிர்வாகமே வெள்ள அபாய வரைபடம் வெளியிட்டு, தன் நிலத்தின் மேலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சடித்தது. தன் ஊரைப் பற்றி இப்படி உண்மை சொல்லும் நிர்வாகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதே வருஷம் அக்டோபரில் ஹகிபிஸ் புயல் வந்தபோது வார்டின் பெரும்பகுதி மக்களை வெளியேறச் சொன்னார்கள். நிலநடுக்கம் தனிக் கணக்கு. பிள்ளைகளின் நாற்காலியில் பஞ்சு வைத்த குல்லா ஒன்று கிடக்கும். சாதாரண நாளில் மெத்தை, ஆட்டம் கண்டால் தலைக்கவசம்.

செப்டம்பர் 1 என்பது 1923இல் டோக்கியோவை அழித்த நிலநடுக்கத்தின் நாள். அதையொட்டிப் பள்ளியில் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் ஒத்திகை நடக்கும். அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் பிள்ளையை விடுவார்கள். முதல் பெயர் நான். ரெண்டாவதாக அப்பா பெயரை எழுதினேன். டீச்சர் ஆபீஸ் எங்கே என்று கேட்டார். ஓத்தெமாச்சி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 2011 மார்ச்சில் ரயில்கள் நின்றுபோய் லட்சக்கணக்கானவர்கள் மணிக்கணக்கில் நடந்து வீடு சேர்ந்த ஊர் இது. ஓத்தெமாச்சியிலிருந்து இங்கே வருவதென்றால் கிட்டத்தட்டப் பத்து கிலோமீட்டர், நடுவில் அரகாவா ஆற்றுப் பாலம் வேறு. நடந்து வரக்கூடிய தூரத்தில் யாராவது சொல்லுங்கள் என்றார். மூன்றாவது பிளாக்கில் இருக்கும் திருநெல்வேலி அக்கா பெயரையும், கேட்டுக்கொண்டு வந்து, கீழ்வீட்டு அம்மா பெயரையும் எழுதினேன். அட்டையைப் பார்த்த கணவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அட்டையால்தானோ என்னவோ, போன மாதம் எங்கள் முறை வந்தபோது மஞ்சள் கொடியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் பிள்ளைகள் தனியாக நடந்து பள்ளிக்குப் போகும் வழியில், ரோடு கடக்கும் இடத்தில் பெற்றோர் ஒருவர் கொடி பிடித்து நிற்க வேண்டும். லீவு போட்டுவிட்டு நின்றார். முடித்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு.

"ஒரு பொடியன் கிட்ட வந்து, நீங்க செந்திருகுமாரு-சானோட அப்பாவான்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னுதான் சொன்னேன்."