கூண்டு ஏற்றிய அட்மிரல்

நவம்பர் 11

கடலூர்த் துறைமுகத்தில் இன்று ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். கம்பத்தில் தொங்கிய அதைப் பார்த்ததும், சில வாரங்களாக நான் படித்துவரும் ராபர்ட் ஃபிட்ஸ்ராயின் நினைவு வந்தது. 1861 பிப்ரவரியில் பிரிட்டன் துறைமுகங்களுக்குத் தந்தி வழியே புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கியவர் அவர். அந்த எச்சரிக்கையைக் காட்டக் கம்பத்தில் ஏற்றிய கூம்பின் முனை மேல்நோக்கியிருந்தால் வடக்கிலிருந்தும், கீழ்நோக்கியிருந்தால் தெற்கிலிருந்தும் சூறைக்காற்று வரும் என்று பொருள்; இரவில் கூம்புக்குப் பதிலாக விளக்குகளைத் தொங்கவிட்டார்கள்.

நவம்பர் 12

பன்னிரண்டு வயதில், 1818-இல், போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, 1824-இல் லெப்டினன்ட் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவர். 1828-இல் ‘பீகிள்’ கப்பலின் தலைமை அவரிடம் வந்தபோது வயது 23. அடுத்த ஜனவரியிலேயே, தென்னமெரிக்காவின் பிளாட்டா முகத்துவாரத்துக்கு அருகே, புயலின் அறிகுறியாகக் காற்றழுத்தமானி இறங்கியும் அவர் உரிய நேரத்தில் பாய்களைச் சுருக்கவில்லை. புயல் கப்பலைச் சாய்த்தது, பாய்மர உச்சிகள் முறிந்தன, இரண்டு மாலுமிகள் மாண்டார்கள். அவருடைய பிற்கால உழைப்பு முழுவதற்கும் வேர் இந்த இரண்டு உயிர்களில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நவம்பர் 14

1831 முதல் 1836 வரையிலான ‘பீகிளின்’ இரண்டாம் பயணத்தைப் பலரும் டார்வினின் பயணமாகவே அறிவார்கள். தீர்க்கரேகையைத் துல்லியமாகக் கணிக்க 22 காலமானிகளை (துல்லியமான கடிகாரங்களை) ஏற்றிச்சென்ற கேப்டனின் பயணமும் அதுதான். 1850-க்குப் பிறகு அவர் எந்தக் கப்பலுக்கும் தலைமை ஏற்கவில்லை. ஆயினும் கேப்டன்களின் பட்டியலில் மூத்தவர்கள் விலக விலக அடுத்தவர் மேலேறுவது அக்காலக் கடற்படையின் வழக்கம் என்பதால், லண்டனில் வானிலை அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தபோதே 1857-இல் ரியர் அட்மிரலாகவும் 1863-இல் வைஸ் அட்மிரலாகவும் உயர்ந்தார்.

நவம்பர் 15

1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் வேல்ஸின் ஆங்கில்சி கரையில் மோதி நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தப் புயலை முன்பே சொல்லியிருக்க முடியும் என்று வாதாடித்தான் எச்சரிக்கை முறைக்கு அனுமதி பெற்றார். 1861 ஆகஸ்டிலிருந்து நாளேட்டிலும் வானிலை முன்னறிவிப்பு வந்தது. அது ஆரூடம் அல்ல என்று அவர் எவ்வளவு சொல்லியும், தவறிய நாட்களில் ஏளனத்துக்குக் குறைவில்லை. உடலும் மனமும் தளர்ந்து, 1865 ஏப்ரல் 30, ஞாயிறு காலை, தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று.

1866 இறுதியில் எச்சரிக்கைகளை அறிவியலாளர் குழுவொன்றின் பரிந்துரைப்படி நிறுத்திவிட்டார்கள். கடலை நம்பி வாழ்ந்தவர்கள் விடவில்லை. மறு ஆண்டே எச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின.