மலையுச்சியில் முடியும் நாளென்றால் ஏழு மணிக்கே டிவியைப் போடுங்கள்

பிரான்ஸில் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டப் போட்டியின் மலை நாட்கள் பெரும்பாலும் கொழும்பு நேரப்படி இரவு ஒன்பது மணியளவில் முடியும். நம்மில் பலர் எட்டரைக்கு உட்கார்ந்து கடைசி ஏற்றத்தை மட்டும் பார்க்கிறோம். வழக்கைக் கேட்காமல் தீர்ப்பை மட்டும் கேட்பது மாதிரி அது.

யூலை மாதத்து மாலையில் மரைன் டிரைவில் எதிர்காற்றில் வெள்ளவத்தைப் பக்கம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவரின் கால் லேசாகிவிடும். சமதரையில் 45 கிலோமீற்றர் வேகத்தில் வீரரின் பலத்தில் பெரும்பங்கைக் காற்றுத்தான் தின்கிறது. 9 சதவீத ஏற்றத்தில் கதையே வேறு. 60 கிலோ வீரர், போத்தலோடு 8 கிலோ சைக்கிள், வேகம் 20 கிலோமீற்றர் என்று கணக்குப் போட்டால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 330 வாட்ஸ் வேண்டும்; காற்றுக்கு 25, 30 வாட்ஸ்தான். யாருக்குப் பின்னால் ஒளிந்தாலும் மிச்சமாவது கொஞ்சமே.

அதனால்தான் ஏற்றத்தின் அடிவாரத்தில் போத்தல்கள் பறக்கின்றன. நிரம்பிய 750 மில்லிலீற்றர் போத்தலைச் சும்மா சுமந்தால், 35 நிமிட ஏற்றத்தில் இருபது செக்கனுக்கு மேல் போய்விடும். இரண்டு வாய் குடித்துவிட்டு எறிவார்கள். மேலே வீதியோரம் நிற்கும் அணி உதவியாளர் பாதி நிரம்பிய சின்னப் போத்தலை நீட்டுவார். சைக்கிளை 6.8 கிலோவுக்குக் கீழே இறக்க விதி விடாது. மிச்சம் பிடிக்க இடமிருப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஏன் ஏழு மணி? 2022இன் 11ஆம் நாளை எடுங்கள். முடிவு கிரானோன் கணவாயில்: 11.3 கிலோமீற்றர், சராசரி 9.2 சதவீதம், உயரம் 2,413 மீற்றர். அதற்கு முன்னால் கலிபியே கணவாய், 2,642 மீற்றர். நம் பிதுருதலாகலையை விட நூறு மீற்றருக்கு மேல் உயரம். கலிபியேயிலேயே ஒரே அணியைச் சேர்ந்த ரொக்லிச்சும் விங்ககோரும் மாறி மாறித் தாக்கினார்கள். மொத்த நேரத்தில் முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் ஜேர்சியிலிருந்த பொகாச்சர் ஒவ்வொன்றுக்கும் தானே எழுந்து பதில் சொன்னார். அங்கேதான் பிழை. இருவர் முறைவைத்து அடிக்கும்போது ஒருவர் மட்டும் பதில் சொன்னால், அவருடைய காலில் இருப்பதுதான் இரட்டிப்பு வேகத்தில் தீரும். கிரானோனில் ஐந்து கிலோமீற்றருக்குக் குறைவாக இருக்கையில் விங்ககோர் புறப்பட்டார். பொகாச்சர் ஜேர்சியைத் திறந்துவிட்டுத் தத்தளித்தார். இழப்பு 2 நிமிடம் 51 செக்கன், கூடவே மஞ்சள் ஜேர்சி. எட்டரைக்கு வந்தவர்கள் கண்டது இந்த உடைவை மட்டும்தான்.

இன்னொன்று சாப்பாடு. இப்போதைய வீரர்கள் மணிக்கு 90 முதல் 120 கிராம் மாச்சத்து எடுக்கிறார்கள். 100 கிராம் என்பது கிட்டத்தட்ட 350 கிராம் சோற்றுக்குச் சமம்; அதை மணிக்கு மணி, ஜெல்லாகவும் (பையில் வரும் சர்க்கரைக் கூழ்) பானமாகவும். மலையில் மூச்சு வாங்கும்போது விழுங்குவது கடினம் என்பதால், பள்ளத்தாக்கிலேயே கடிகாரம் பார்த்துத் தின்ன வேண்டும். அங்கே விட்ட ஒரு ஜெல்லுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் பில் வரும்.

கியரையும் கவனியுங்கள். முன்னால் 40 பல், பின்னால் 24 பல், மிதி நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் வேகம் சுமார் 19 கிலோமீற்றர். சுற்று 70க்கு இறங்கி, தோள்கள் ஆடத் தொடங்கினால் அந்த வீரரின் கதை முடிகிறது. முகத்தைப் பார்க்காதீர்கள்; நடிப்பார்கள். முழங்காலைப் பாருங்கள்.

கடைசி கிலோமீற்றர்களில் விழுந்தால் நேரத்தைக் காப்பாற்றும் விதி மலையுச்சி முடிவுக்குப் பொருந்தாது. டயர் போனால் போனதுதான். 2013இல் அல்ப் டியுயெஸ் ஏற்றத்தில் மஞ்சள் ஜேர்சியிலிருந்த புரூமுக்குப் பசியெடுத்தது. உணவு வாங்க அனுமதியில்லாத தூரத்தில் அவருடைய அணித் தோழர் ரிச்சி போர்ட் அணிக் காரிலிருந்து ஜெல் எடுத்துக் கொடுத்தார். இருவருக்கும் 20 செக்கன் தண்டம் விதித்தார்கள். தின்னாமல் போயிருந்தால் மலை அதை விட அதிகமாக வாங்கியிருக்கும்.