நடுவில் காணாமல் போகும் கிடார்

கைடட் பை வாய்சஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘பீ தவுசண்ட்’ ஆல்பம் வந்தது 1994இல். 20 பாட்டு, மொத்தமே சுமார் 36 நிமிடம். பாடகர் ராபர்ட் பொல்லார்ட், ஒஹாயோ மாநிலம் டேட்டனில் பல வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஸ்டுடியோ பக்கம் போகாமல், நண்பர்களின் வீடுகளில் பெரும்பாலும் நாலு டிராக் ரெக்கார்டரில், அதாவது நாலு தடங்கள் மட்டுமே கொண்ட எளிய டேப் கருவியில், பதிவு செய்த பாட்டுகள் இவை.

முதல் பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். நடுவில் ஒரு கிடார் திடீரென்று காணாமல் போகும். அப்புறம் சாவகாசமாகத் திரும்பி வரும். வேறு யாராவது என்றால் மறுபடி வாசித்துச் சரிசெய்திருப்பார்கள். இவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 90களின் சிறந்த ஆல்பங்கள் என்று போடும் பல பட்டியல்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். ஆனால் டேப் இரைச்சலையே பெரிய அழகியலாகப் புகழ்ந்து தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரைச்சல் யார் வீட்டில் பதிவு செய்தாலும் வரும். மெட்டு வரவேண்டுமே! ‘ஐ ஆம் எ சயின்டிஸ்ட்’ பாட்டை ஒற்றைக் கிடாரோடு பாடினாலும் நிற்கும்.

சரி, 20ம் தேறுமா என்றால், தேறாது. சில பாட்டுகள் பாதியில் எழுந்து போன மாதிரி முடிகின்றன. திட்டலாம் என்று வாயெடுப்பதற்குள் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.