பெய்ஜிங் ஓபராவும் சுருதிக்கோடும்: சில நாட்களின் குறிப்பு

மார்ச் 9, ஞாயிறு
அலுவலகத் தோழி பெய்ஜிங் ஓபரா கற்கிறாள். சிங்யீ வேடம், அதாவது அடக்கமான குலப்பெண், பாட்டு முழுக்கப் பொய்க்குரலில். "ஒலி மென்பொருள்தானே உன் பிழைப்பு, நான் எங்கே பிசகுகிறேன் என்று பார்த்துச் சொல்" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆசிரியை ஒரு வரி பாடுவார், இவள் அதைத் திருப்பிப் பாட வேண்டும், பாடம் அவ்வளவுதான். எண்களில் எழுதிய ஜியான்பு தாள் ஒன்று உண்டு, ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு எந்த வழியாகப் போவது என்பது அதில் இல்லை. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பார்சிலோனாவில் சேவியர் செர்ரா நடத்திய, இசையைக் கணினி வழியாக ஆராயும் காம்ப்மியூசிக் திட்டம் இந்த இரண்டு இசைகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டதும் சும்மா இல்லை.

மார்ச் 12, புதன்
அவள் பாடியதைப் பிராட்டில் போட்டுச் சுருதியின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்தால், உச்சஸ்தாயி வரும் இடத்திலெல்லாம் கோடு காணாமல் போகிறது. பேச்சொலியை ஆராய்வதற்கென்று செய்த மென்பொருள், மேல் வரம்பு 500 ஹெர்ட்ஸில் இருந்தது, சிங்யீ குரலோ அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். 1000 ஆக்கியதும் கோடு வந்துவிட்டது. அடுத்த தலைவலி ஜிங்ஹு. பாட்டோடு ஒட்டிக்கொண்டே போகிற அந்தச் சின்ன இரண்டு தந்தி வாத்தியத்தின் சத்தம் பதிவில் கலந்துவிட்டால் கணினி எதைப் பிடிக்கிறது என்று அதற்கே தெரியாது. சரி, பக்கவாத்தியத்தைக் காதில் மாட்டிக்கொண்டு குரலை மட்டும் பதியச் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு
இன்று ஆசிரியை வீட்டிலேயே பதிவு, அர்ஹுவாங்கில் (பெய்ஜிங் ஓபராவின் முக்கிய மெட்டு வகைகளில் ஒன்று) ஒரே ஒரு வரி. தோழியின் கைபேசியில் மதிப்பெண் போடும் செயலி ஒன்று இருக்கிறது, ஆசிரியை பாடியதற்கு அது போட்ட மதிப்பெண் தோழியுடையதைவிடக் குறைவு! அவர் விழுந்து விழுந்து சிரித்தார். செயலி பியானோக் கட்டைகளை வைத்து அளக்கிறது, இவரோ எழுத்தைக் கொஞ்சம் கீழே தொட்டு, மேலே ஏற்றி, அப்புறம்தான் நிற்கிறார். அதைத் தப்பு என்று சொல்லும் கருவியை வைத்து என்ன பாடம் நடத்துவது?

அதனால் அவரையே திரும்பத் திரும்பப் பாடச் சொல்லி, கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன், ஹெர்ட்ஸில் இல்லை, ஆதார சுருதியிலிருந்து எத்தனை சென்ட் என்ற கணக்கில் (அரை ஸ்வரத்துக்கு 100). நடுவில் கோடுகள் பிரிந்து பிரிந்து போகின்றன, ஆனால் கடைசி எழுத்தின் இறக்கத்தில் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. மாணவி பிடித்தாக வேண்டியது அந்த இடத்தைத்தான், நடுவில் எப்படிப் போனாலும் குற்றமில்லை என்று தோன்றியது. ஆசிரியையும் தலையாட்டினார்.

மார்ச் 19, புதன்
தோழியின் கோட்டை மேலே வைத்துப் பார்த்தேன். சுருதி சுத்தம், ஆனால் அந்த இறக்கத்தில் படிக்கட்டு மாதிரி இரண்டு வெட்டு. கடைசி அசைவும் அவசரம், ஆசிரியை ஒரு கணம் நேராக நின்றுவிட்டு, பிறகுதான் அகலமாக, நிதானமாக அசைக்கிறார். "வழவழவென்று வரவில்லை" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது இதைத்தான் போலிருக்கிறது.

பெண் வேடங்களுக்குப் பேர்போன ஓபரா நடிகர் மெய் லான்ஃபாங்கின் பழைய இசைத்தட்டுகளையும் அளக்கலாமே என்று கேட்டாள். அளக்கலாம், தட்டு எந்த வேகத்தில் பதிவானது என்பதே சந்தேகமாக இருப்பதால் அவருடைய சுருதி எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, கோட்டின் வடிவத்தை மட்டும் பார்க்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு
ஆசிரியை ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்: பாடும்போது திரை அணைந்திருக்க வேண்டும், பாடி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நியாயம்தான், திரையைப் பார்த்துக்கொண்டே பாடினால் இவள் கோட்டைத் துரத்துகிறாள், மூச்சு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இறக்கத்தில் ஒரு வெட்டு போய்விட்டது, இன்னொன்று இருக்கிறது. அடுத்து மான்பான், அதாவது விளம்ப கதி, ஒரே எழுத்து தாளம் தாளமாக நீளும், பதிவை எழுத்து எழுத்தாக வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார்.