கவ்வாத்து மாமாவும் எங்கள் பலா மரமும்

போன வைகாசியில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கூரைமேல் யாரோ குதித்தார்கள். இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் நாவலப்பிட்டியில் மழை பிடித்தால் தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுவதே கேட்காது. அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்றால், குதித்தவர் நல்ல பாரமான ஆள்தான். மனைவி கள்ளன் என்றாள். மாமா, அதாவது அவளுடைய அப்பா, கட்டிலுக்கு அடியிலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

டோர்ச் அடித்துப் பார்த்தால் கள்ளன் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு குசினிக்குள்ளேயே வந்து, மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். பன்னிரண்டு கிலோ இருப்பான். நன்றாகப் பழுத்த வருக்கன் பலாப்பழம். "வாசம் நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா, கத்தியை இறக்காமல்.

மாமாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தோட்டத்தில் 34 வருடம் வேலை செய்தவர். அதில் பெரும் பகுதி கவ்வாத்து. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி விடுவார்களே, அந்த வேலை. வெட்டிய மலையைப் பார்த்தால் குச்சி குச்சியாக நிற்கும். இரண்டு மாதத்தில் துளிர்த்துவிடும். அந்த அதிசயத்தைத் தன் கையால் லட்சம் தடவை செய்து பார்த்தவர் என்பதால், எந்தச் செடியைக் கண்டாலும் மாமாவின் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டு குரோட்டன் வேலி மேசை மாதிரி இருக்கும். செம்பரத்தையும் மேசை. துளசியும் மேசை. ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தை அவர்கள் கதிர்காமம் போயிருந்த நேரத்தில் மேசையாக்கி, இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

அவர் கைவைக்காத ஒரே மரம் இந்தப் பலாதான். காரணம், எட்டவில்லை.

மறுநாள் செயின்சோ வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் கூரைமேல் நீட்டிக்கொண்டிருந்த கொப்பை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் அடிமரத்தைக் கட்டிப்பிடித்தார். மரத்தின்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, சுற்றளவு பார்க்கிறார். "கொப்பு மட்டும்னா 35,000. முழு மரத்தையும் எனக்குக் குடுத்தீங்கன்னா சும்மாவே வெட்டித் தாறேன்" என்றார். பலாப் பலகை என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தாராள மனதின் அளவு புரியும்.

மனைவி லேசாக ஆசைப்பட்ட நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பியது. கொய்யா வீட்டுக்காரர். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் பழைய கோபத்தையும் மறந்துவிடுவார். "1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம்! பலா, ஈரப்பலா, பெண் பனை. அனுமதி இல்லாம சாய்க்க முடியாது!" நாவலப்பிட்டியில் பனை எங்கே இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. சிங்கள ஆட்கள் பலாவைச் சோற்று மரம் என்று சொல்வது, பாணந்துறை ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடு முழுக்கப் பலா நடச் சொல்லிப் பிரசாரம் செய்து 'கொஸ் மாமா' (சிங்களத்தில் கொஸ் என்றால் பலா) என்றே பெயர் வாங்கியது, எல்லாம் வேலிக்கு மேலாகவே வந்து சேர்ந்தது. அவருக்கு ஒரு கொஸ் மாமா, எங்களுக்கு ஒரு கவ்வாத்து மாமா. செயின்சோக்காரர் மரத்தை விட்டுவிட்டு மெதுவாக மோட்டார் சைக்கிளைக் கட்டிப்பிடித்தார்.

சரி, மரத்தை வெட்டப் போவதில்லை, ஒரு கொப்பைத்தான் என்று எதற்கும் கிராம சேவகரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். அப்புறம் நண்பன் ஒருவன் மூலமாகப் பேராதனைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். ஹோட்டல் தோட்டங்களில் மரம் பராமரிக்கிறவன். ஹெல்மட், இடுப்புப் பட்டி, இரண்டு சுருள் கயிறு, ஒரு கைவாள். செயின்சோவைக் காணவில்லை. மாமாவுக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது. வந்தவன் மரத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடந்து, அடியில் தட்டி, வேர்ப்பக்கம் குனிந்து, தேநீர் கேட்டதும் மிச்சமும் போய்விட்டது.

"தம்பி, ஏன் சுத்துறீங்க? தலைய ஒரே வெட்டா எடுத்துவிடுங்க. குடை மாதிரி அழகா வந்துரும்."

"தலைய வெட்டினா மரம் பயந்துபோய் நூறு துளிர் விடும் ஐயா. அதெல்லாம் தோல்ல ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி. தடிச்சதும் காத்துக்குப் பிஞ்சு விழும்."

"துளிர் வர்றதுக்குத்தானே வெட்டுறது!"

"தேயிலைன்னா கொழுந்து பறிப்பீங்க. இங்க யாரு மேல ஏறிக் கொழுந்து பறிக்கிறது?"

34 வருட அனுபவத்தை ஒருவன் இரண்டு வரியில் நிறுத்தியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமா கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப இலையையாவது குறைங்க, காய் பிடிக்காது" என்றார். பலா காய்ப்பது நுனிக் கிளையில் அல்ல, அடிமரத்திலும் தடித்த கொப்பிலும்தான் என்று தம்பி சொன்னான். கூரைக்கு நேரே இருக்கும் கொப்பை எடுத்தால் போதும், மற்றதில் கைவைக்கத் தேவையில்லை. ஒரே நேரத்தில் கால்வாசிப் பச்சைக்கு மேல் எடுத்தால் மரம் தாங்காது என்றும் சொன்னான். "தேயிலையிலயும் மூச்சு விடட்டும்னு ஓரத்துல ஒண்ணு ரெண்டு கொப்ப விடுவோம்" என்றார் மாமா, தோற்காத குரலில்.

தம்பி மேலே ஏறி வாளில் தேங்காய் எண்ணெய் தடவினான். இல்லையென்றால் பலாப்பால் வாளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொப்பைக் கயிற்றில் கட்டி, மறுமுனையைக் கீழே தன் உதவியாளரிடம் கொடுத்தான். முதல் வெட்டு கொப்பின் அடிப்பக்கத்தில், கீழேயிருந்து மேலாக, கொஞ்சம்தான். இரண்டாவது மேலேயிருந்து, சற்று வெளியே. கொப்பு விழும்போது மரத்தின் தோலை உரித்துக்கொண்டு போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. அது கயிற்றில் ஆடி ஆடி, மாப்பிள்ளை வீட்டுச் சீர்த்தட்டு மாதிரி கூரையைத் தொடாமல் இறங்கியது. மூன்றாவது வெட்டு, மிச்சமிருந்த கட்டைக்கு. மரத்தோடு ஒட்டி வழிக்கவில்லை, கொப்பு தொடங்கும் இடத்தில் இருக்கும் தடிப்பான வளையத்தை விட்டுவிட்டு வெட்டினான். "அதுதான் கழுத்து. அதுலயிருந்துதான் காயம் மூடும்."

மாமா எதுவும் பேசவில்லை. ஆனால் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்து வாளியோடு வந்தார். சாணியும் செம்மண்ணும் குழைத்து, காயத்துக்குப் பூச. தம்பி வேண்டாம் என்றான். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, மேலே எதைப் பூசினாலும் உக்குவது நிற்காது, மரமே உள்ளே சுவர் கட்டிக்கொள்ளும் என்று சொன்னாராம்.

"அமெரிக்காவுல மாடு இல்லையா?" என்றார் மாமா.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். தம்பி கீழே இறங்கி, ஹெல்மட்டைக் கழற்றி அடிமரத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் சீட்டில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனான். மாமா அண்ணாந்து பார்த்தார். அடிமரத்தில், எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு காய் தொங்கியது. தம்பிக்குக் கொடுத்தனுப்ப நல்ல காய். கவ்வாத்துக் கத்தியை மூங்கில் கம்பில் கட்டினார். ஒரே வெட்டு. சுத்தமான வெட்டு, அதைக் குறை சொல்ல முடியாது. கீழே பார்க்காததுதான் தவறு.

ஹெல்மட் இரண்டாக இருந்தது. சீட் நடுவில் குழிந்திருந்தது. காய் மட்டும் முழுசாக இருந்தது. வேலிக்கு மேலே தலை எழும்பி, சட்டம் எதுவும் ஞாபகம் வராமல் திரும்ப இறங்கியது. தம்பி முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, "நல்லவேளை, போட்டிருக்கல" என்றான். மாமா தன் ஈ.பி.எஃப். சேமலாப நிதிக் காசிலிருந்து ஹெல்மட்டுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தார். தம்பி பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காயைக் கட்டிக்கொண்டு போனான்.

இப்போது மாமா குரோட்டன் வேலியை வெட்டுவதில்லை, பராமரிக்கிறார். சுண்டுவிரல் தடிப்புக் குச்சிக்குக் கீழே ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு, கழுத்தை விட்டு ஒரு வெட்டு. ஒரு குச்சிக்குப் பத்து நிமிடம். போன ஞாயிற்றுக்கிழமை செம்பரத்தைக் கொப்பு ஒன்றில் சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்து, "மெதுவா எறக்கணும் மருமகனே" என்றார். தரை ஒன்றரை அடி கீழே இருந்தது. எறக்கினேன்.